முழங்கால் மாற்றிய பிறகு கிரவல் ரோட்டில் பைக் ஓடப் பழகுவது

ஒபரேசன் முடிந்து மூன்றாம் நாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "திரும்பப் பைக் ஓடலாமா?" என்பதுதான். "தார் ரோட்டிலயோ, காட்டுக்குள்ளயோ?" என்று அவர் கேட்டார். காட்டுக்குள்ளதான் என்றேன். "ஓடலாம் ஐயா. ஆனா விழக்கூடாது, பள்ளம் திட்டியிலை பாயக்கூடாது, முறுகின காலை நிலத்திலை ஊன்றக்கூடாது" என்றார். முதல் இரண்டும் உடனே விளங்கின. மூன்றாவது வடிவாக விளங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்திலும் அதற்குப் பிறகும் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முழங்கால் தேய்ந்து, ஒபரேசனுக்கு நாள் வாங்கிவிட்டு, பைக்கை விற்கலாமா என்று யோசிக்கிற ஆக்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

எனக்கு மாற்றியது இடது முழங்கால். 2023 தை மாதம், யாழ்ப்பாணத்தில். அப்போது வயது 61. முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்தவன் நான். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி என்று மாட்டுப் பட்டி இருக்கிற இடமெல்லாம் பைக்கில்தான் போய் வந்தேன். இப்போது என்னிடம் சொந்தமாக 22 மாடுகள் இருக்கின்றன. வயல் விதைத்துவிட்டால் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, காட்டுப் பக்கம் பட்டியை மாற்ற வேண்டும். அங்கே போகிற பாதையில் பாதி கிரவல், கால்வாசி குளக்கட்டு, மிச்சம் மணல். கார் போகாது. ஆகவே பைக் எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், விடியக்காலையில் குளக்கட்டில் ஓடுகிற அந்த இருபது நிமிடத்துக்காகவும்தான் இவ்வளவு பாடுபட்டேன்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெரியும். தொடை எலும்பின் நுனியில் உலோகத்தில் ஒரு தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பொலிஎதிலீன் பிளாஸ்டிக். இது மடங்கும், நிமிரும். திருகுவதைத் தாங்க அவ்வளவாகச் செய்யப்பட்டதில்லை. பைக்கில் நேராக இருந்து ஓடும்போது முழங்காலில் உடம்புப் பாரம் பெரிதாக இறங்காது. பாரமும் திருகலும் ஒன்றாக வருவது நான்கு நேரத்தில்: ஏறும்போது, இறங்கும்போது, கிக்கர் அடிக்கும்போது, தடுமாறிக் காலை ஊன்றும்போது. விழுந்து உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தால் அதைப் பொருத்துவது சாதாரண எலும்பு முறிவைவிடச் சிரமமான வேலை. அதனால் பாய்ச்சல், போட்டி ஓட்டம் எல்லாம் எனக்கு முடிந்துபோன விசயம். அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். நீங்களும் ஏற்றுக்கொண்டால்தான் மற்றதைப் பற்றிக் கதைக்கலாம்.

முதல் மூன்று மாதம் பைக்கை நினைக்கவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே சுருட்டின துவாயை வைத்து அமத்துவது, கட்டிலில் குதிக்காலை இழுத்து மடக்குவது, காலை நீட்டியபடி தூக்குவது என்று பிசியோ சொல்லித் தருகிற பயிற்சி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யுங்கள். மடக்குவதில்தான் எல்லோருக்கும் கவனம். காலை முழுதாக நேராக்குவதும் அதேயளவு முக்கியம், ஏனென்றால் நேராகாத கால் நிற்கும்போது பாரத்தைத் தாங்காது. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தக் கட்டியாக இருக்கலாம். முழங்கால் பல மாதத்துக்குச் சூடாகவே இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. சிவந்து, காயத்தில் நீர் கசிந்து, காய்ச்சலும் வந்தால்தான் பயப்பட வேண்டும். நோவுக்குக் கடுமையான குளிசை போடுகிற நாட்களில் பைக் மட்டுமில்லை, சைக்கிள்கூட ஓட வேண்டாம்.

பைக்குக்கு என்று நான் தனியாகச் செய்தவை இரண்டு. ஒன்று, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நிற்பது. முதல் நாள் ஐந்து செக்கன்கூட ஏலவில்லை. நாலாம் மாதம் கையை எடுத்துவிட்டு முப்பது செக்கன் நின்றேன். மற்றது, விறாந்தைப் படியில் இடது காலால் ஏறி இடது காலாலேயே மெல்ல இறங்குவது. ஏறுவது சுகம், இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். அந்த நடுக்கம் நிற்கும்வரை பைக்கில் ஏறவில்லை. டொக்டரிடமும் திரும்பக் கேட்டுத்தான் ஏறினேன். எந்தக் கால், எந்த வகை ஒபரேசன், எலும்பின் உறுதி எப்படி என்பதைப் பார்த்து ஆளுக்கு ஆள் நாள் மாறும். என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் மாதம், பைக்கை விறாந்தைப் படியோடு ஒட்டி நிறுத்தி, மகன் பிடித்துக்கொள்ள, எஞ்சின் போடாமல் ஏறி இருந்தேன். மகன் பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்தான். இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். பெடலில் கால் இருக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அந்தப் படத்திலேயே தெரியும். எனக்கு 100 பாகை அளவில் வந்தது. என் கால் 115 வரை மடங்கும் என்று பிசியோ அளந்து சொல்லியிருந்தார், ஆகவே மிச்சம் இருந்தது. உங்கள் கால் பெடலில் இருக்கும்போதே இறுகி, இதற்குமேல் மடங்காது என்று நின்றால், அந்த பைக் உங்களுக்கு இன்னும் சரிவராது.

இங்கே பைக் தேர்வு பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான ட்ரெயில் பைக்கில் ஓடும்போது முழங்காலுக்குச் சுகம், ஏனென்றால் சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில் தூரம் கூட. ஆனால் ஏறி இறங்குவதும், நிற்கும்போது கால் எட்டுவதும் கஷ்டம். பதிவான பைக்கில் நேர்மாறு. பல 250 சிசி ட்ரெயில் பைக்குகளில் சீற் 85 சென்ரிமீற்றருக்கு மேலே போகும், அது என் உயரத்துக்கு ஆபத்து. நான் எடுத்தது பழைய யமஹா செரோ 225. சீற் உயரம் 81 சென்ரிமீற்றர், பாரமும் குறைவு, செல்ப் ஸ்டார்ட் உண்டு. சீற் பஞ்சை வெட்டிப் பதிக்கலாம் என்று கராச்சில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பஞ்சை வெட்டினால் நிலம் கிட்ட வரும், ஆனால் முழங்கால் கூட மடங்க வேண்டி வரும்.

செல்ப் ஸ்டார்ட் பற்றி இன்னும் ஒன்று. கிக்கர் வலது காலால்தானே அடிக்கிறோம், மாற்றியது இடது கால்தானே என்று நினைக்க வேண்டாம். வலது காலால் உதைக்கும்போது முழு உடம்பும் இடது காலில் நிற்கிறது, அதோடு இடுப்பும் திரும்புகிறது. யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் பைக் ஓடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காபரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுவிட்டு, எஞ்சின் பிடிக்கும்வரை இருபது முப்பது தரம் உதைப்போம். உதைத்து முடிய எனக்கு நொந்தது எப்போதும் இடது முழங்கால்தான். இப்போது பற்றரி இறங்கிவிட்டால் நான் உதைப்பதில்லை. மகனைக் கூப்பிடுகிறேன், அல்லது தள்ளிவிட ஆள் பார்க்கிறேன்.

ஏறுவதற்கு வீட்டில் விறாந்தைப் படி இருக்கிறது. வெளியில் என்ன செய்வது? வரம்பு இருக்கிறது. வயல் வரம்போ, வாய்க்கால் கரையோ, குளக்கட்டின் சரிவோ, எதுவாக இருந்தாலும் பைக்கைப் பதிவான பக்கத்தில், தன் இடது பக்கம் மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். நீங்கள் மேட்டில் நில்லுங்கள். ஒரு சாண் உயரம் கிடைத்தாலே வலது காலைச் சீற்றுக்கு மேலால் போடுவது பாதிச் சுலபமாகிவிடும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது பாதத்தை பைக்கின் முகம் பார்த்த திசையிலேயே வையுங்கள். கால் மேலே போகும்போது பாதம் நிலத்தில் திரும்பக்கூடாது. இறங்கும்போதும் அப்படித்தான்: இறங்கி நின்ற பிறகு, திரும்ப வேண்டுமென்றால் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்புங்கள். நின்ற காலிலேயே சுழல வேண்டாம். சைட் ஸ்டாண்டின் அடியில் தகரத் துண்டு ஒன்றை ஒட்டி அகலமாக்கினேன். மணலில் புதையாது, காலால் துழாவித் தேடத் தேவையில்லை.

ஆறாம் மாதம் மாங்குளம் முல்லைத்தீவு ரோட்டில், தாரில், கொஞ்சம் கொஞ்சமாக ஓடினேன். அது சுகமாக வந்தது. அந்தச் சுகம்தான் என்னை ஏமாற்றியது.

ஆவணி மாதம், ஏழு மாதம் முடிந்த கிழமை, முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் பாதையில் போனேன். ஒரு மதகைத் தாண்டியதும் வாய்க்கால் மணல் பாதையில் பரவிக் கிடந்தது, ஐந்தாறு அடி அகலம்தான். இரண்டாம் கியரில் மெல்லத்தான் வந்தேன். பற்றைக்குள் இருந்து ஒரு கன்று குறுக்கே பாய்ந்தது. முன் சில்லு மணலில் இடது பக்கம் சரிந்தது. முப்பது வருடப் பழக்கத்தில், நினைக்க முன்னமே, இடது கால் வெளியே போய் மணலில் ஊன்றிவிட்டது. குதிக்கால் புதைந்தது, விரல்கள் வெளிப்பக்கம் பார்த்தன, உடம்பும் பைக்கும் முன்னால் போய்க்கொண்டே இருந்தன. பைக் விழவில்லை, நானும் விழவில்லை. முழங்காலுக்குள் சுடுகம்பியால் இழுத்த மாதிரி ஒரு நோவு. பைக்கை நிறுத்திவிட்டு மதகில் இருந்து, மணலில் பதிந்த என் கால் அடையாளத்தைப் பார்த்தேன். பாதம் ஒரு பக்கம், பாதை இன்னொரு பக்கம். டொக்டர் சொன்ன மூன்றாவது விசயம் அப்போதுதான் விளங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் இரண்டு கிழமை வீக்கம் வற்றவில்லை, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு விறாந்தையில் கிடந்தேன்.

அதற்குப் பிறகு என் பயிற்சி முழுவதும் ஒரே விசயத்தில்தான்: இடது காலைத் திடீரென்று வெளியே போடுகிற பழக்கத்தை மறப்பது. ஏற்கெனவே பைக் நன்றாக ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கூடக் கஷ்டம், ஏனென்றால் கால் தன்பாட்டில் போகும்.

வெட்டி முடிந்த வயலில், தரை காய்ந்து இறுகின பிறகு, இதைப் பழகுங்கள். முதலாம் கியரில் நடை வேகத்தில், கிளச்சைப் பாதி பிடித்தபடி, இரண்டு காலும் பெடலில், எட்டுப் போடுங்கள். பார்வை சில்லில் இருக்கக்கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். விழப் பார்த்தால் காலைப் போடாமல் அக்சிலரேற்றரைக் கொஞ்சம் முறுக்குங்கள், பைக் தானாக நிமிரும். இரண்டு கிழமையில் கால் பெடலில் இருக்கப் பழகிவிடும்.

பிறகு, நிற்பதற்கு வலது காலைப் பழக்குங்கள். இங்கேதான் ஒரு சிக்கல். வலது கால் பின் பிரேக்கில் இருக்கிறதே? வேகத்தைப் பின் பிரேக்கால் குறைத்து, கடைசி ஒரு முழத்துக்கு முன் பிரேக்கை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டு, சீற்றில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, வலது காலைக் கீழே விடுங்கள். கிரவலில் முன் பிரேக்கை வேகத்தோடு பிடித்தால் சில்லு வழுக்கும், அதனால் நடை வேகத்துக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும். நாங்கள் ரோட்டின் இடப்பக்கமாக ஓடுகிறோம், ரோட்டின் நடு உயர்ந்திருக்கும். அதனால் எங்களுக்கு வலது பக்கம்தான் எப்போதும் மேடு, வலது கால் சுகமாக எட்டும். இடது காலை விட்டால் கரையின் பள்ளத்துக்குள் போகும். முந்தி நான் ஏன் எப்போதும் பள்ளப் பக்கக் காலை விட்டேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. வலது முழங்கால் மாற்றியவர்களுக்கு நான் சொன்னது பாதி தலைகீழாகும். பின் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கால் எழும்புகிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

மணல் வந்தால் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள், மணலுக்குள் போய்க் குறைக்க வேண்டாம். உடம்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, ஒரே அளவாக முறுக்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் விடுங்கள். முன் சில்லு ஆடும், ஆடட்டும். நீளமான மணலாக இருந்தால் நான் இறங்கி, எஞ்சின் ஓடியபடி, முதலாம் கியரில் பக்கத்தில் நடந்து தள்ளுகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிரவலுக்கு ரயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ என்று குறைத்து வைத்தால் பிடிப்பும் கூடும், முழங்காலுக்கு வருகிற அதிர்வும் குறையும். பள்ளம் திட்டியில் பெடலில் எழும்பி நிற்கலாம், முழங்காலைக் கொஞ்சம் மடித்தபடி. ஆனால் தொடை களைக்கும்வரை நிற்க வேண்டாம். நான் நூறு மீற்றர் நின்றால் அடுத்த நூறு மீற்றர் இருந்து ஓடுகிறேன்.

இன்னொரு விசயம், இதைப் பற்றி ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வெட்டின கோட்டுக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப் போயிருக்கும். எனக்கு இன்னும் உள்ளங்கை அகலத்துக்கு உணர்வு இல்லை. ஒருநாள் பட்டிக்குப் போய் வந்து காற்சட்டையைக் கழற்ற, சூரை முள் கிழித்து முழங்காலின் வெளிப்பக்கம் இரத்தம் காய்ந்திருந்தது. எங்கே கிழித்தது என்றே தெரியவில்லை. மற்றவர்களுக்கு அது சின்னக் கீறல். எங்களுக்கு அப்படியில்லை. காயத்தால் கிருமி போய், இரத்தத்தோடு சேர்ந்து உள்ளே இருக்கிற உலோகத்தில் பிடித்தால், திரும்ப ஒபரேசன் வரைக்கும் போகலாம். சாரத்தோடு பைக்கில் காட்டுக்குப் போகிற பழக்கத்தை விடுங்கள். தடித்த காற்சட்டை, கணுக்காலுக்கு மேல் வருகிற சப்பாத்து, அதோடு முழங்காலுக்குக் கவசம். கவசத்தின் பட்டி வெட்டின தழும்புக்கு மேல் இறுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது காலைக் கண்ணால் பாருங்கள், தடவிப் பார்த்தால் போதாது. கீறல் இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். சிவந்து பரவினால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் முழங்கால் மாற்றியதைச் சொல்லுங்கள்.

தனியாகப் போவதென்றால் எந்தப் பாதையால் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மனிசியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சொன்ன நேரம் தாண்டினால் மகன் அந்தப் பாதையால் வருவான். 1990 அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. எங்கே சிக்னல் கிடைக்கும் என்று எனக்கு இடம் தெரியும்: குளக்கட்டின் துருசடி (குளத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற இடம்), அதைவிட்டால் ரோட்டில் உள்ள கோயிலடி. நீங்களும் உங்கள் பாதையில் பார்த்து வையுங்கள். யானை நடமாட்டம் இருக்கிற பாதையில் விடியமுன்னமும் பொழுதுபட்ட பிறகும் போகாதீர்கள், இந்தக் காலோடு பைக்கைத் திருப்பி ஓட நேரம் எடுக்கும். சேறு கிடக்கிறது என்று பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதும் கூடாது. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன.

ஒன்பதாம் மாதம்தான் பட்டி வரைக்கும் முழுப் பாதையும் ஓடினேன், போக வர 14 கிலோமீற்றர். அன்று பின்னேரம் முழங்கால் கொஞ்சம் வீங்கியது, விடிய வற்றிவிட்டது. இதைத்தான் இப்போதும் அளவுகோலாக வைத்திருக்கிறேன். விடிய வற்றினால் அந்தத் தூரம் சரி. அடுத்த நாள் மத்தியானமும் வீக்கம் இருந்தால் அடுத்த கிழமை தூரத்தைப் பாதியாக்குகிறேன்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் நான் ஓடுவதில்லை. கிரவல் ஊறிச் சவர்க்காரம் மாதிரி ஆகிவிடும், எந்தப் பயிற்சியும் அங்கே காலைக் காப்பாற்றாது. பைக்கை விறாந்தையில் ஏற்றி, பற்றரி வயரைக் கழற்றி, சாக்கால் மூடிவிடுவேன். தை நடுப்பகுதி வரை பட்டிக்கு மகனோடு லாண்ட்மாஸ்ரரில்தான் (இரண்டு சில்லு உழவு மெசின்) போகிறேன். கிணற்றுக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் அந்த மூன்று மாதமும் விடுவதில்லை.